கோடையில் காரைக்குடியிலிருந்து கொடைக்கானல்: நண்பர்களோடு குடும்பமாகக் கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, "இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து மலைக்குப் போவோமா?" என்ற பேச்சு செட்டிநாட்டில் வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். அந்த வேகத்தில் முதலில் செய்வது அறைக்கு முன்பணம் அனுப்புவது. உண்மையில் கடைசியில் செய்ய வேண்டிய வேலை அது.

நாங்கள் மூன்று குடும்பம் ஒரே வேனில் போனோம். கிளம்பும் நேரத்தில் வேன்காரர் சொன்ன வண்டியை விட்டுவிட்டு வேறு வண்டியை அனுப்பிவைத்தார். மலைக்கு வண்டி ஏற இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸில் இருந்தது பழைய வண்டியின் எண். அடிவாரத்துக் காமக்காபட்டி சோதனைச்சாவடியில் வண்டியை ஓரங்கட்டி, உச்சி வெயிலில் அப்பத்தாவையும் கைக்குழந்தையையும் உள்ளே உட்கார வைத்துவிட்டு, கைபேசியில் சிக்னல் தேடிப் புதுப் பாஸ் எடுத்தோம். அன்றைக்கு அனுமதிக்கும் வண்டிகளின் எண்ணிக்கையில் இடம் மிச்சம் இருந்ததால் மேலே போக முடிந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மலையில் நிம்மதி வேண்டுமென்றால் அலைச்சலை எல்லாம் ஊரிலேயே முடித்துவிட வேண்டும். வரிசை இதுதான்: தேதி, வண்டி, பாஸ், அறை.

1. தேதியை முதலில் பூட்டுங்கள்

ஏப்ரல் கடைசியும் மே மாதம் முழுவதும்தான் கூட்டம். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் ஏரியைச் சுற்றி வண்டி நகரவே நகராது. பூக்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. ஓய்வுக்குப் போகிறவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். கண்காட்சி முடிந்தாலும் பூக்கள் அங்கேதான் இருக்கும்.

திங்கள் காலை ஏறி வியாழன் காலை இறங்குவது என் கணக்கில் மிக நல்ல ஏற்பாடு. வார இறுதியில் வருகிற கூட்டம் அப்போது இறங்கிப் போயிருக்கும். பாஸ் எளிதாகக் கிடைக்கும். அறை வாடகையும் குறையும். கடை வைத்திருப்பவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் இதற்கு முணுமுணுப்பார்கள். ஆனாலும் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று, மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமி நாட்களில் மதுரை வழியாகப் போகத் திட்டமிடவே கூடாது. நம் ஊர்க் கோயில் திருவிழா, காப்புக் கட்டு, வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் மூன்று வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். பாஸ் எடுத்தபிறகு "காப்புக் கட்டிவிட்டார்கள், ஊரை விட்டுப் போகக் கூடாது" என்று ஆச்சி சொன்னால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

2. வண்டி: எண் கைக்கு வரும்வரை பேரம் முடியவில்லை

இரண்டு கார்களா, ஒரு வேனா? பத்துப் பேருக்கு மேல் என்றால் வேன்தான். ஒரே வண்டியில் போனால் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டாம், பிள்ளைகளும் ஒன்றாக இருப்பார்கள், ஆண்கள் யாரும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு பேச்சை இழக்க வேண்டாம்.

வாடகை வண்டி என்றால் மஞ்சள் நிற எண் பலகை உள்ள டி போர்டு வண்டியாக இருக்கட்டும். தெரிந்தவர் மூலம் "ஓன் போர்டு வண்டி, வாடகை கம்மி" என்று வருவதை ஏற்காதீர்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். மிச்சமாகும் சில ஆயிரத்துக்காக மூன்று குடும்பத்தின் உயிரை வைத்து விளையாட வேண்டாம்.

வாடகை பேசும்போது கேட்க வேண்டியவை இவை:

முதலாவது, நாள் கணக்கா கிலோமீட்டர் கணக்கா? பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று வைத்திருப்பார்கள். காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் போக ஏறக்குறைய 200 கி.மீ., வர 200, மேலே சுற்ற ஒரு 100 என்று வைத்தால் மொத்தம் 500. ஆனால் நாளுக்குக் குறைந்தது 250 என்று பேசியிருந்தால் நான்கு நாளுக்கு 1000 கி.மீ.க்குப் பணம் கேட்பார்கள். ஓடாத 500 கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட பயணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வதே நல்லது.

அடுத்து, டிரைவர் பேட்டா நாளுக்கு எவ்வளவு, மலை ஏறுவதற்குத் தனியாக ஹில்ஸ் சார்ஜ் உண்டா, டோல், பார்க்கிங் யார் கணக்கு, கிலோமீட்டர் எங்கிருந்து ஓடத் தொடங்கும். சிலர் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்குப் போடுவார்கள். வண்டி தேவகோட்டையில் நிற்கிறது, உங்கள் வீடு கோட்டையூர் என்றால் அதுவும் சேரும். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வண்டியின் பதிவு எண்ணையும் ஆர்.சி. படத்தையும் கேட்டு வாங்குங்கள். "வண்டி மாறினால் இரண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் திரும்பத் தர வேண்டும்" என்பதையும் அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள். டிரைவருக்கு மலைச்சாலைப் பழக்கம் உண்டா என்று முதலாளியிடம் கேட்டால் "உண்டு" என்றுதான் சொல்வார். டிரைவரிடமே பேசுங்கள். "இறக்கத்தில் எந்த கியரில் வருவீங்க, தம்பி?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

3. இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் போக முடியாது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4000 வண்டிகள், சனி ஞாயிறில் 6000. உங்கள் பயண நாளுக்கு எவ்வளவு என்பதைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸுக்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாடு அரசின் தளத்தில் நீங்களே எடுக்கலாம். தேடும்போது அதே பெயர் போன்ற வேறு தளங்களும் வரும். பணம் கேட்கும் பக்கம் எதுவானாலும் மூடிவிடுங்கள். கைபேசி எண்ணுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டு உள்ளே போனால் வண்டி எண், வண்டி வகை, எரிபொருள், எத்தனை பேர், வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்கும். நிரப்பினால் கியூ.ஆர். குறியோடு பாஸ் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் வழியாகவும் எடுக்கலாம். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் தனி வண்டியில் சேர்ந்துகொள்வதாக இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது: பாஸ் வண்டிக்குத்தான். வண்டி எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் சாவடியில் நிற்க வேண்டிவரும். எடுத்த பாஸை ஆர்.சி.யோடு வைத்து ஒருமுறை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கைபேசியில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். தாளிலும் ஒன்று அச்செடுத்து டிரைவரிடம் கொடுங்கள். அடிவாரத்தில் இணையத்தை நம்பாதீர்கள்.

நீங்கள் நினைத்த நாளுக்குப் பாஸ் கிடைக்கவில்லையா? அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குப் பாஸ் வேண்டாம். வத்தலக்குண்டில் பேருந்து ஏறிவிடலாம். ஆனால் மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் அது சிரமம். அதைவிட மலையை மாற்றிக்கொள்ளலாம். திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலை நம் பாதையிலேயே இருக்கிறது. ஒருநாள் போய்வரத் தோதான இடம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. வண்டியில் வாந்தி எடுக்கும் குழந்தை இருந்தால் கொல்லிமலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். வால்பாறைக்கும் 2025 நவம்பர் முதல் இ-பாஸ் உண்டு.

4. அறை

மேலே உள்ளவை முடிந்தபின் அறை. பாஸில் தங்கும் இடம் கேட்கிறதே என்றால், விடுதிக்காரரிடம் ஒரு நாள் மட்டும் அறையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, அதற்குள் பாஸ் எடுத்துவிட்டு, பிறகு முன்பணம் அனுப்புங்கள். ஒரு நாள் பொறுக்க மறுக்கும் இடத்தை விட்டுவிடலாம்.

இன்ஸ்டாகிராமில் மூங்கில் வீடும் மேகமுமாகப் படம் போட்டிருப்பார்கள். கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பியபின் ஆளே இருக்காது, அல்லது இடம் படத்தில் இருந்ததாக இருக்காது. வீடியோ அழைப்பில் அறையையும் கழிவறையையும் வாசலில் வண்டி நிற்கும் இடத்தையும் காட்டச் சொல்லுங்கள். வேன் வாசல்வரை வருமா என்பது மிக முக்கியம். வட்டக்கானல் போன்ற இடங்களில் சாலை குறுகலும் செங்குத்துமாக இருக்கும். கடைசி அரை கிலோமீட்டரைப் பெட்டியோடு நடக்க வேண்டிவந்தால் மூட்டுவலிக்கார ஆச்சி என்ன செய்வார்கள்? தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி ஒன்றும் அங்கே உண்டு. ஆடம்பரம் இருக்காது, கழகத்தின் தளத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்பதால் ஏமாற்று இல்லை.

மறக்காமல் கேளுங்கள்: டிரைவர் படுக்க இடம் உண்டா? பல இடங்களில் டிரைவர் வண்டிக்குள்ளேயே சுருண்டு படுக்கிறார். கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கோடையிலும் இரவில் நன்றாகக் குளிரும். விறைத்துப்போய் விடிய விடிய விழித்தவர் கையில்தான் மறுநாள் நம் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். அறை பேசும்போதே அவருக்கும் கட்டிலும் கம்பளியும் பேசிவிடுங்கள். சாப்பாட்டுக் கணக்கில் அவரையும் ஓர் இலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் உடன் வந்தால், விடுதிக்காரர் அவர்களுடைய விவரத்தைப் படிவம் நிரப்பி அரசிடம் பதிய வேண்டும். சிறிய தங்குமிடங்கள் சில இதற்காகவே வாசலில் வைத்து மறுத்துவிடுவார்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

5. தாள்கள்

சொந்தக் கார் என்றால் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் இருப்பதும் செல்லும். புகைச் சான்று தேதி முடிந்திருப்பது பலருக்குச் சாவடியில்தான் தெரியவரும். காரைக்குடியிலேயே கால் மணி நேர வேலை. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாமல் போனால் டோலில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஆதார் எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத் தலைவர் ஒருவரின் ஆதார் போதும் என்று எல்லா விடுதியிலும் விட மாட்டார்கள். வயதானவர்களின் மருந்துச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. பணம்: ஒரே கையில்

செட்டிநாட்டில் கணக்கு எழுத நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் நண்பர்களோடு போகும்போது கூச்சத்தில் பேசாமல் விடுகிறோம், பிறகு மனத்தாங்கல். கிளம்பும் முன்பே மூன்று குடும்பமும் சம தொகை போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வழியில் பர்ஸை அவரே திறக்கட்டும். பிரிக்கும் முறையையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அறை குடும்பத்துக்கு ஒன்றாக. வேன் வாடகை இருக்கைக் கணக்கில். சாப்பாடு இலைக் கணக்கில், சின்னப் பிள்ளைக்கு அரை இலை. சொந்தமாக வாங்கும் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், சால்வை இதில் சேராது. மூன்று பேர் இருக்கும் குடும்பமும் ஏழு பேர் இருக்கும் குடும்பமும் சேர்ந்து போகும்போது இந்த ஒரு பேச்சு நட்பைக் காப்பாற்றும்.

7. மூட்டை

கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சாவடியிலேயே பார்ப்பார்கள்; பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-இல் அறிவித்தார்கள். எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்று, வண்டிக்கு ஒரு 20 லிட்டர் கேன். இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

போகும் வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்: புளியோதரை, மிளகாய்ப் பொடி தடவிய இட்லி. நான்கு நாளும் கொறிக்கத் தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம். எல்லாம் தூக்குவாளியிலோ டின்னிலோ. கடை சிப்ஸ் பாக்கெட்டுகள் மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பந்துபோல உப்பும். நெருக்கித் திணித்திருந்தால் பையைத் திறக்கும்போது ஒன்று வெடித்திருக்கும். ஊறுகாய்ப் பாட்டிலை முக்கால் அளவு மட்டும் நிரப்பித் தனிப் பையில் வையுங்கள், எண்ணெய் கசியும்.

சமையலறை உள்ள வீடு எடுத்திருந்தால் குக்கரை எடுத்துப் போவது நல்லது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரமாகும்.

8. கிளம்பும் நாள்

விடியற்காலை நான்கரைக்கு வண்டி வாசலில் இருக்க வேண்டும். பிள்ளையார்பட்டி பாதையிலேயே இருக்கிறது. ஒரு தேங்காய் விடலை போட்டுவிட்டுத் திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று போங்கள். மதுரைக்குள் நுழையவே வேண்டாம். நடுவில் நின்று சாப்பிட்டாலும் பத்து மணிக்குள் காமக்காபட்டியைத் தாண்டிவிடலாம். மே மாதத்தில் மலையில் பிற்பகலில் மழை பிடிக்கும் நாட்கள் உண்டு, அதற்குள் அறைக்குப் போய்விட வேண்டும்.

வத்தலக்குண்டில் மூன்று வேலை: டீசல் நிரப்புவது, எல்லாரையும் கழிவறைக்கு அனுப்புவது, வாந்தி வருபவர்களுக்கு மாத்திரை கொடுப்பது. மாத்திரையை ஏற்றம் தொடங்க அரை மணி நேரமாவது முன்னால் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு எவ்வளவு என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். வளைவில் குமட்டிய பிறகு கொடுத்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். அவர்களை முன் இருக்கையில் உட்கார வைத்து, கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும்.

9. மலைச்சாலை

சொந்தக் காரில் முதல்முறை ஏறுபவர்களுக்கு மட்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவு ஒவ்வொன்றிலும் ஹாரன். வளைவில் முந்தவே கூடாது. வெப்ப முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். வெளியே காற்று குளிர்ந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் அதுதானே நாம் தேடிவந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லா வண்டியும் நிற்கும். சாலையோரத்தில் அரைகுறையாக நிறுத்தாதீர்கள், குரங்குகளுக்குத் தீனி காட்டாதீர்கள்.

10. மேலே போனபின்

நாளுக்கு ஒரு தடம். இதுதான் என் உறுதியான கருத்து. பைன் காடு, குணா குகை, தூண் பாறை எல்லாம் ஒரே தடத்தில் இருக்கின்றன. எல்லாரும் பத்து மணிக்குத்தான் கிளம்புவார்கள் என்பதால் நீங்கள் எட்டுக்கே போய்விட்டு வெயிலேறும் முன் திரும்பிவிடுங்கள். இன்னொரு நாள் பூம்பாறை: குழந்தை வேலப்பர் கோயில், படிக்கட்டு வயல்கள், புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. அங்கிருந்து மன்னவனூர் போகலாம். டீசலை நகரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

மிச்ச நேரமெல்லாம் சும்மா இருங்கள். பெண்கள் சமையலறையில் அடைபடாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான்கு நாளில் இரண்டு வேளையாவது ஆண்கள் சமைக்கட்டும்.

11. இறக்கம்

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் டிரைவரை உடனே தடுத்துவிடுங்கள். பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் ரப்பர் கருகுவதுபோல ஒரு வாடை வரும். வந்த அந்த நிமிடமே அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஞாயிறு பிற்பகலில் இறங்கினால் பெருமாள்மலைப் பக்கமே வண்டி வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். வார நாளில் காலை ஏழுக்குள் கிளம்பினால் மதியச் சாப்பாடு திண்டுக்கல்லில். பொதுப்பணக் கணக்கை நத்தம் தாண்டுவதற்குள் வண்டியிலேயே வாசித்து முடித்து, மிச்சத்தைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். டிரைவரின் பேட்டாவை முதலாளி வழியாக அனுப்பாமல் நேராக அவரிடமே கொடுப்பது நல்லது. வாங்கிக்கொண்டதாக முதலாளிக்கு ஒரு செய்தி போட்டுவிட்டால் போதும்.